பல் பிடுங்கும் நாளிலேயே எலும்பைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ‘இம்ப்ளான்ட்’ எனப்படும் நிலையான பல்லைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. டைட்டானியம் திருகு, அதன் மேல் கேப், பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தத் திருகைப் பிடித்துக்கொள்ளத் தாடையில் போதுமான எலும்பு இருக்க வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் ‘ஒரே நாளில் பல்’ விளம்பரங்களிலும் அந்தப் பேச்சு இல்லை. பல்லை இழந்து சில வருடம் கழித்து மருத்துவரிடம் போகிறவருக்கு அங்கேதான் முதல் முட்டுக்கட்டை விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் காரிமங்கலம் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம், தைப்பூசத்தில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் குமாரசாமிப்பேட்டைத் தேர், மற்ற நாளில் ஊர்க் கோயில் பூசை என்று என் பிழைப்பு முழுக்க வாயை நம்பித்தான் ஓடுகிறது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைப் பிடிப்பது உதடுதான், பல் அதைக் கடிப்பதில்லை. ஆனால் உதட்டுக்குப் பின்னால் முன்பல் வரிசை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். மேல் முன்பல் இரண்டும் போய்விட்டால் உதடு உள்ளே மடிகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பிடி நழுவும். ‘துத்து’ என்று காற்றைத் தட்டி ஊதும் துத்துகாரத்துக்கு நாக்கு எழும்பும்போது காற்று ஓரத்தில் சீறும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் தவில்காரருக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பல் போனது ஈறு நோயால். இடப்பக்க மேல் கடைவாயில் இரண்டு பல் முதலில் போயின. அப்புறம் மேல் முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள், சூடாக எதுவும் சாப்பிடாதீர்கள் என்றார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும், பின்னால் நிலையான பல் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அதை யோசிக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயரை எழுத எனக்கு விருப்பம் இல்லை. என்னோடு வாசிக்கிறவர்களையும் உறவுக்காரர்களையும் விசாரித்தால், வேறு வேறு ஊரில் வேறு வேறு இடத்தில் பல் எடுத்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. கடிக்கும் அழுத்தம் வேர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் வரை அது தன் அளவில் நிற்கிறது. வேர் போனதும் வேலையில்லாமல் வற்றத் தொடங்குகிறது. பல் எடுத்த ஓராண்டுக்குள் அந்த எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறதாம். முன்பல் பகுதியில் உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் மிக மெல்லியது, பலருக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் போவது அதுதான். எனக்கு ஈறு நோய் வேறு ஏற்கெனவே எலும்பைத் தின்றிருந்தது.

மேல் கடைவாயில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அங்கே வேர்களுக்கு மேலே, கன்னத்துக்கு உட்பக்கம், சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் போனபின் அந்த அறை மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஈறுப் பக்கமிருந்து எலும்பு கரைய, மேலே இருந்து அறை இறங்க, நடுவில் மிஞ்சுவது ஒரு தட்டு. கீழ்த்தாடையில் எலும்பு தாழ்ந்தால் ஆபத்து வேறு விதம். உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அதன் மேல் உயரம் போதாமல் திருகை இறக்கினால் உதடு மரத்துப் போகலாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் கழற்றி மாட்டும் பல்லை வைத்துக்கொண்டேன். பேசவும் சாப்பிடவும் அது ஒருவழியாகப் பழகிவிட்டது. வாசிப்புக்கு மட்டும் ஒத்துவரவே இல்லை. அண்ணத்தில் ஒட்டியிருக்கும் அந்தத் தகடு நாக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சை இறுக்கிக் கொடுத்தால் தகடு மேலெழும்புகிறது. எச்சில் அடியில் புகுந்து, நீண்ட ஆலாபனையின் நடுவில் நழுவுகிறது. கழற்றி வைத்துவிட்டு வாசித்தால் உதட்டுக்கு ஆதாரம் இல்லை. பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டும் பிரிட்ஜ் பலருக்கு நல்ல வழி. என் விஷயத்தில் பக்கத்துப் பற்களும் ஈறு நோயால் பலம் குறைந்தவை, அவற்றின் மேல் பாரம் ஏற்ற முடியாது என்றார்கள். மிஞ்சியது இம்ப்ளான்ட்.

முதலில் விசாரித்த ஓர் இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “எலும்பு கம்மியா இருக்கு, போன் பவுடர் (எலும்புத் துகள்) வைக்கணும்” என்றார்கள். அது என்ன பவுடர் என்று கேட்டேன். “இம்போர்ட்டட், நல்ல குவாலிட்டி” என்றார்கள். எதிலிருந்து எடுத்தது என்று மறுபடி கேட்டதற்கு அதே பதில் வந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. நான் போடவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லி, என் மேல்தாடையைக் குறுக்குவாட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திரையில் நகர்த்திக் காட்டினார். “ஐயா, முன்னாடி இந்த இடத்துல அகலம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கு. நான் வைக்கிற திருகே 3.5. அது போக ரெண்டு பக்கமும் கொஞ்சம் எலும்பு மூடியிருக்கணும். இதுல வெச்சா திருகு வெளிய தெரியும்” என்றார். கடைவாயில் சைனஸுக்கும் ஈறுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் உயரம்தான். முதலில் எலும்பை வளர்த்துக்கொண்டுதான் திருகைப் பற்றிப் பேச முடியும் என்றார்.

டைட்டானியத்தோடு எலும்பு நேராக ஒட்டி வளர்கிறது என்பதைக் கண்டது ஸ்வீடன் நாட்டு பிரானமார்க். முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதில் தொடங்கி, 1965-ல் முதல் மனிதருக்குப் பல் வைத்தார். அதிசயம் என்று எல்லோரும் உலோகத்தையே சொல்கிறார்கள். வேலை செய்வது எலும்பு. அது உயிரோடு வந்து திருகைப் பற்றிக்கொள்ளாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த திருகும் சில மாதங்களில் ஆடிக் கழன்றுவிடும்.

அந்த எலும்பை எங்கிருந்து கொண்டுவருவது என்பதை டாக்டரம்மா எனக்குத் தமிழில், பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நம் உடம்பிலிருந்தே எடுக்கலாம். கீழ்த்தாடையின் பின்கோடி, முகவாய், பெரிய அளவில் தேவைப்பட்டால் இடுப்பெலும்பு. நம் உயிரணுக்களோடு வருவதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் எடுக்கும் இடத்தில் இன்னொரு புண், சில நேரம் மரமரப்பு. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பைச் சுத்திகரித்து, எலும்பு வங்கியிலிருந்து தருவது இரண்டாவது. மாட்டெலும்பு, பன்றியெலும்பு ஆகியவற்றிலிருந்து புரதத்தையெல்லாம் நீக்கிவிட்டுத் தாதுப்பொருளை மட்டும் எடுப்பது மூன்றாவது. இது மெதுவாகத்தான் கரையும் என்பதால் வைத்த அளவு நெடுநாள் நிற்கும், உலகம் முழுக்க நிறையப் பயன்படுகிறது. நான்காவது செயற்கை. எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் வகைப் பொருளை ஆலையில் செய்து தருவது. பார்வைக்கு எல்லாம் ரவை போலத்தான் இருக்கின்றன, துகளை மட்டும் பார்த்து யாராலும் இது எது என்று சொல்ல முடியாது. வைத்த துகளை மேலே மூடும் சவ்விலும் இதே கதைதான். மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தாலான சவ்வுகள் இருக்கின்றன.

நான் கோயிலில் சந்நிதிக்கு எதிரே நின்று வாசிக்கிறவன். மாட்டெலும்பை வாயில் வைத்துக்கொள்ள என் மனசு ஒப்பவில்லை. அதைக் கேலி செய்யாமல், “சரிங்க ஐயா, வேற வழி பார்ப்போம்” என்றார் டாக்டரம்மா. முன்பல்லுக்கு என் கீழ்த்தாடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு துண்டு. சைனஸுக்கு என் எலும்பைச் சுரண்டி எடுத்ததோடு கலந்த செயற்கைத் துகள். மூடுவதற்குக் கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த மஞ்சள் சவ்வு. இதே சமயத்தில் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கும், அவர் இஸ்லாமியர், சவ்வு வைக்க வேண்டியிருந்தது. நான் சொன்ன பிறகுதான் அது எதிலிருந்து வந்தது என்று தன் மருத்துவரைக் கேட்டார். வைக்க இருந்தது பன்றிக் கொலாஜன். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. கேட்காதவர்களின் நிலை என்ன? மருத்துவத்துக்காக எதையும் ஏற்றுக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அது அவரவர் மனசு. ஆனால் என் தாடைக்குள் ஆயுளுக்கும் இருக்கப்போகும் பொருள் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் படித்தவனா இல்லையா, கேட்கத் தெரிந்தவனா இல்லையா என்பதைப் பொறுத்து அது அமையக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஸ்கேனைப் பார்க்கும் முன்பே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “என்ன தொழில் பண்றீங்க?” நாதஸ்வரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சைனஸ் அறையின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது, 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம். தாடையின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சன்னலைத் திறந்து, அந்தச் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் துகளை நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். அது ஆறும் முன் மூக்கைச் சிந்தினாலே உள்ளே அழுத்தம் ஏறும். தும்மல் வந்தால்கூட வாயைத் திறந்துகொண்டுதான் தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. இந்த நிலையில் நாதஸ்வரத்தை எடுத்து மூச்சை இறுக்கினால் சவ்வு கிழிந்து, வைத்ததெல்லாம் சைனஸுக்குள் சிதறும். கிருமி புகுந்தால் மொத்தத்தையும் சுத்தம் செய்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முன்பு போன இடத்தில் என் தொழிலை யாருமே கேட்கவில்லை. அங்கே கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த வார முகூர்த்தத்துக்கு நான் வாசிக்கப் போயிருப்பேன்.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. பேண்ட் செட்டில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கு ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். பளு தூக்குவதும் குனிந்து நிமிர்வதும் ஆகாது என்பதால் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், பாலக்கோடு சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குபவர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். நாள் கூலிக்காரரிடம் “ரெஸ்ட் எடுங்க” என்று பொதுவாகச் சொன்னால் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுவார். எதைச் செய்யக் கூடாது, ஏன், எத்தனை வாரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் வேலைக்கு ஏற்றபடி நாளைப் பார்த்தோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் ஆடி பிறந்ததும் எலும்பு வைத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. ஆனால் எலும்பில் கருவி ஓடும் ஓசை காது வழியாக வருவதில்லை, மண்டைக்குள்ளேயே பிறக்கிறது. கருவி ஆழம் மாறும்போது சுருதி மாறுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பின்கோடியிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை முன்னால் வைத்து, கடுகளவு தலையுள்ள இரண்டு திருகால் இறுக்கினார்கள். அன்று மாலை முகம் வீங்கியது, மறுநாள் இன்னும் வீங்கியது, அப்புறம் வடிந்தது. சாப்பாட்டுக்கு எங்கள் ஊர்க் களி கைகொடுத்தது. ஆறவைத்த களியும் கீரைக் கடைசலும் மெல்லாமலே இறங்கிவிடும். ஆவணி முகூர்த்தங்களுக்கு என் மகன் வாசித்தான், நான் தாளம் போட்டேன். எலும்பு இறுகும் வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்து முகூர்த்தமில்லாத மார்கழியில் திருகு வைத்தார்கள். திருகோடு எலும்பு ஒட்டச் சில மாதம். வைகாசிக்கு முன் பல் மாட்டியாயிற்று. இப்போது வாசிக்கிறேன்.

ஆக, ‘ஒரே நாளில் பல்’ என்பது எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்குப் பொருந்தும். எலும்பு வைக்க வேண்டியவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். செலவும் அப்படித்தான். ஸ்கேனுக்குத் தனி, எலும்புக்குத் தனி, சவ்வுக்குத் தனி, திருகுக்குத் தனி, மேலே வைக்கும் கேப்புக்குத் தனி. விளம்பரத்தில் போடுவது திருகின் விலை மட்டும்தான். நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு, எலும்புச் செலவு என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தியவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல் எடுக்கும் அன்றே குழிக்குள் எலும்புத் துகளை நிரப்பி மூடினால் பின்னால் வரும் இழப்பு கணிசமாகக் குறையும், முழுசாக நிற்காது. குழிச் சுவர்கள் நன்றாக இருந்தால் அன்றே திருகை வைத்துவிடுவதும் உண்டு. எலும்பு வைக்காமல் குட்டைத் திருகால் சமாளிக்கவும் முடியும். கீழ்த்தாடையில் பல்லே இல்லாத பெரியவர்களுக்கு முன்பக்கம் இரண்டே இரண்டு திருகை வைத்து, அதில் பல் செட்டைச் சொடுக்கி மாட்டும் முறை இருக்கிறது. முன்பக்கம் பெரும்பாலும் எலும்பு மிஞ்சியிருக்கும் என்பதால் எலும்பு வைக்கும் வேலையே பலருக்கு வராது. ஆடிக்கொண்டே இருக்கும் கீழ் செட்டோடு போராடுகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. எங்கள் வீடுகளில் வயதானவர்கள் களியும் ரசமுமாகவே காலம் தள்ளுகிறார்கள். நிலக்கடலை, மொச்சை, கறி எல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விடும். வயசாயிற்று என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது வயசால் வந்தது இல்லை, பல்லால் வந்தது.

சிலருக்கு எலும்பு வைப்பதற்கு முன் வேறு வேலை இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் எளிதில் ஆறாது, அதனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்த்த பிறகே கைவைப்பார்கள். புகை பிடிக்கிறவர்களுக்கு வைத்த எலும்பு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எங்கள் தொழிலில் வெற்றிலையும் புகையிலையும் கூடவே வருகிறவை. இளைய பிள்ளைகள் ஹான்ஸை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் பெண்கள், புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக ஊசி போடுகிறவர்கள், பல் எடுக்கும் முன்பே அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யக்கூடும்.

இப்போது எங்கள் மாவட்டங்களுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிறவன் நான். போட்டோகிராபர் “நல்லா சிரிங்க” என்றதும் மணப்பெண் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பதை எத்தனையோ மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த பிள்ளைக்கு, முளைக்கும்போதே பல் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக வருகிறது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். ஜப்பான் நிதி உதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு பாதிப்பு) தணிப்பு என்ற சொல் சேர்ந்திருக்கிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பல்லைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் தெருவில் அது வராத நாளில் மறுபடி ஆழ்துளைக் குழாய்க்குத்தான் குடம் போகிறது, அதையும் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் கறை இருக்கத்தான் செய்கிறது. கறை பிடித்த முன்பல்லைக் கல்யாணத்துக்கு முன் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் வைத்துக்கொண்ட இளைஞர்களை எனக்கு நேரிலேயே தெரியும். இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். உறுதியாக நின்றுகொண்டிருந்த பல். மேலோட்டமான கறையை லேசாகத் தேய்த்து எடுக்க முடியும், வெளுக்க வைக்க முடியும். ஆழமான கறைக்குப் பல்லின் நிறத்துப் பூச்சோ மெல்லிய ஓடோ கேப்போ போதும். வேரைத் தொடவே வேண்டாம். வேரை எடுத்த நாளிலிருந்து எலும்பு கரையத் தொடங்குகிறது. நாற்பது வயதில் அவர்கள் நிலையான பல் கேட்டு வரும்போது என்னைப் போலவே முதலில் எலும்பு வைக்க வேண்டிவரும். கறைக்காகப் பல்லைப் பிடுங்குவதை எந்தப் பல் மருத்துவரும் செய்யக் கூடாது, எந்தப் பெற்றோரும் கேட்கக் கூடாது.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022-ல் ஒன்று திறந்தார்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் நாங்கள் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ புதுக்கோட்டைக்கோதான் போக வேண்டும். எலும்பு வைக்கும் சிகிச்சைக்கு ஒரே தடவை போய்த் திரும்ப முடியாது. தையல் பிரிக்க, ஸ்கேன் பார்க்க, திருகு வைக்க, அளவு எடுக்க என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்தக் கல்லூரிகளிலிருந்து ஒரு குழு மாதம் ஒருமுறையாவது இந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் வந்தால், ஃப்ளோரோசிஸ் உள்ள இந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமாக இருக்கும். பல்லே இல்லாத முதியவர்களுக்கு இரண்டு திருகில் மாட்டும் கீழ் செட்டை முதலில் தொடங்கலாம். தாளக்கூடிய செலவில், குறைந்த அறுவையில் முடியும் வேலை அது.

அதற்கெல்லாம் நாள் ஆகும் என்றால், செலவே இல்லாத ஒன்றை நாளைக்கே தொடங்கலாம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் கிளினிக்கானாலும், பல்லை எடுக்கும் முன் நோயாளியிடம் தமிழில் நான்கு வார்த்தை பேச வேண்டும். இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? எடுத்தால் எலும்பு எவ்வளவு கரையும்? இங்கே பிறகு என்ன வைக்க உத்தேசம்? குழியை இன்றே நிரப்புவது உங்களுக்குத் தேவையா, தேவையில்லையா? எலும்பு வைப்பதாக இருந்தால், ஒப்புதல் தாள் தமிழில் இருக்க வேண்டும். பொருள் மனிதரிடமிருந்தா, மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா, செயற்கையா என்று அதில் எழுத வேண்டும். குப்பியின் மேலுள்ள ஒட்டுச்சீட்டை நோயாளியின் கையேட்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மொத்தச் செலவும் மொத்தக் காலமும் தொடக்கத்திலேயே தாளில் வர வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக எலும்பைப் பற்றி ஒரு பல் அறுவை நிபுணரை எழுதச் சொல்லுங்கள். நான் மேலே எழுதிய கேள்விகளையும் அவரைக் கொண்டு திருத்தி, பெரிய எழுத்தில் ஒரு பெட்டியாகப் போடுங்கள். அதைச் சுவரொட்டியாக அச்சடித்து இரண்டு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளிலும் ஒட்ட அனுமதி கிடைத்தால், அச்சுச் செலவை எங்கள் பகுதி மேளக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாதஸ்வரக் கலைஞர் ஒருவர்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.